மனிதவளத் துறையில் யாருடைய கையெழுத்து எதற்கு?

மனிதவள மேலாண்மையில் எம்.பி.ஏ. படிப்பை இந்த ஆண்டு முடிக்கவிருப்பதாகவும், சொந்த ஊர் ஆந்திர எல்லையிலுள்ள சத்தியவேடு என்பதால் தமிழும் தெலுங்கும் ஒருசேர வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆந்திரப் பக்கத்துத் தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டியிலிருந்தும் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்தும் வரும் வேலை அறிவிப்புகளில் ரெக்ரூட்டர், பேரோல், ஜெனரலிஸ்ட், ஐ.ஆர்., நல அலுவலர், பிசினஸ் பார்ட்னர் என்று பலவாறாகக் காணப்படும் பதவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு என்ன, எதில் தொடங்குவது நல்லது என்பது உங்கள் கேள்வி. ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பதினொரு ஆண்டுகளும், தடாவுக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தில் ஒன்பது ஆண்டுகளும் தொழிற்சாலைகளின் மனிதவளத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பதவிப் பெயரை வைத்து வேலையை அறிய முடியாது. ஒரு நிறுவனத்தில் 'எக்ஸிக்யூட்டிவ்' எனப்படுபவர் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பவராக இருப்பார். அடுத்த நிறுவனத்தில் அதே பெயருடையவர் தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்துபவராக இருப்பார். ஆகவே, அந்த நாற்காலியில் அமர்பவர் எந்தத் தாளில் கையெழுத்திடுகிறார், அந்தக் கையெழுத்து பிழையானால் யாருக்கு இழப்பு ஏற்படுகிறது என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இத்துறையின் பிரிவுகள் எல்லாம் அதிலேயே தெளிவாகிவிடும்.

இந்தத் துறை நம் நாட்டில் எப்படித் தோன்றியது என்பதை அறிந்துகொண்டால் இது இன்னும் நன்றாக விளங்கும். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆலைகளில் ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரிகளின் கையில் இருந்தன. வேலை கொடுப்பதற்கும், கொடுத்த வேலையில் நீடிக்க விடுவதற்கும் அவர்கள் தொழிலாளரிடம் பணம் வாங்கினார்கள். 1918இல் சென்னையில் மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்ட பிறகு இத்தகைய குறைகள் வெளியே பேசப்படலாயின. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த அரச தொழிலாளர் ஆணையம், ஆள் சேர்ப்பை மேஸ்திரியிடமிருந்து எடுத்து, நிர்வாகத்துக்கு நேரடியாகப் பொறுப்பான 'லேபர் ஆபீசர்' ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதாவது, இடையில் நிற்கும் ஒருவர் உழைப்பவரின் கூலியிலிருந்து எடுத்துக்கொள்வதைத் தடுப்பதற்காகவே இந்த வேலை பிறந்தது. ஒப்பந்தக்காரர்கள் வழியாக ஆள் எடுக்கும் இன்றைய நிலையில் நான் இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். தொழிற்சாலையில் மனிதவளத் துறையின் அடித்தளம் டைம் ஆபீஸ். படித்துவிட்டு வருபவர்கள் இதைக் கீழான வேலை என்று எண்ணி ஒதுங்குகிறார்கள். அது பெரும் தவறு. யார் எந்த ஷிஃப்டில் வந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார், எவ்வளவு மிகைநேரம் செய்தார், எந்த விடுப்பு எந்தக் கணக்கில் கழிந்தது என்பவற்றை முடிவுசெய்யும் இடம் இது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒரு மணி நேரம் விடுபட்டால் அது இரண்டு மணி நேரக் கூலியின் இழப்பு. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை பெற, உரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். சூளூர்ப்பேட்டை வண்டி தாமதமானதால் கேட்டில் நிறுத்தப்பட்டுத் தாமதமாக உள்ளே அனுமதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அந்த நாள் வருகையற்ற நாளாகப் பதிவாகி, அத்தகைய நாட்கள் சேர்ந்து 76இல் நின்றுவிட்டால், அவர் காய்ச்சலில் படுத்திருக்கும் வாரங்களில் ஊதியத்தின் 70 விழுக்காடு என்ற உதவித்தொகை கிடைக்காமல் போகும். பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்பும் எழுத்தரின் கையில் இவ்வளவு இருக்கிறது.

டைம் ஆபீஸ் தரும் வருகைக் கணக்கிலிருந்து சம்பளத்தை உருவாக்குவது பேரோல் பிரிவு. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், வருமான வரி, சம்பளச் சீட்டு, பணியிலிருந்து விலகுவோரின் இறுதிக் கணக்கு ஆகியவை இவர்களுடையவை. ஊழியரின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடும் நிறுவனத்தின் பங்காக அதே 12 விழுக்காடும் செல்ல வேண்டும், இ.எஸ்.ஐ.க்கு ஊழியர் 0.75 விழுக்காடும் நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும்; இரண்டும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பிரிவின் பணியைக் கூடுதலாக்கியிருக்கின்றன. படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதியையும் 'ஊதியம்' என்றே கணக்கிட வேண்டும். பணியை விட்டு நீங்கியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் இறுதிக் கணக்குக்காக அலைய விட்ட பழக்கம் இனி சட்டமீறலாகும் என்பதை மனநிறைவோடு எழுதுகிறேன்.

நம் எல்லைப்புறத்தில் இந்தப் பிரிவுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அது பெயர். தெலுங்கு வழக்கில் இன்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முன்னால் முழுமையாக வரும். தமிழ் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். சத்தியவேடு, வரதையபாளையம், நாகலாபுரம் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவருக்கே ஆதாரில் ஒரு வழக்கும், பள்ளிச் சான்றிதழில் மற்றொரு வழக்கும், வங்கிக் கணக்கில் இரண்டும் கலந்தும் பெயர் இருப்பதை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வைப்பு நிதியின் பொதுக் கணக்கு எண்ணில் (யு.ஏ.என்.) உள்ள பெயர் ஆதாரோடு பொருந்தாவிட்டால், மகளின் திருமணத்துக்கு முன்பணம் கேட்கும் நாளில் விண்ணப்பம் திரும்பி வரும். அதைத் திருத்தப் பல நேரங்களில் ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி அளிக்க வேண்டியிருக்கும்; பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அதுவும் கடினம். வேலையில் சேரும் முதல் நாளிலேயே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பேரோல் அலுவலர், பத்தாண்டுகளுக்குப் பின் வரும் கண்ணீரைத் தடுத்துவிடுகிறார். இரண்டு மொழிகளின் பெயர் வழக்கையும் பிறந்ததிலிருந்து அறிந்த உங்களைப் போன்றவர்கள் இதைச் செய்வதுபோல் வெளியூரிலிருந்து வருபவர்களால் செய்ய இயலாது.

பேரோலை ஒட்டியே சட்ட இணக்கப் பிரிவு இருக்கிறது. கம்ப்ளையன்ஸ் என்றே எல்லாரும் சொல்வார்கள். உரிமங்கள், பதிவேடுகள், ஆண்டறிக்கைகள், ஆய்வாளர் வரும்போது காட்ட வேண்டிய ஆவணங்கள் ஆகியவை இவர்கள் பொறுப்பு. ஒரே நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையும் பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீசிட்டியில் ஓர் ஆலையும் வைத்திருந்தால், இவர்களுக்கு எல்லாமே இரண்டு. குறைந்தபட்ச ஊதியத்தை ஒவ்வொரு மாநிலமும் தனியே அறிவிக்கிறது. தொழில்வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குச் செல்கிறது. ஆந்திரத்தில் மாதந்தோறும் மாநில அரசுக்குச் செல்கிறது, 20,000 ரூபாய்க்கு மேல் பெறுபவருக்கு மாதம் 200 ரூபாய். பண்டிகை விடுமுறைச் சட்டமும் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம், ஆந்திரத்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் என்று வேறு வேறு. உகாதிக்கு விடுமுறை விட்டுச் சித்திரை முதல் நாளுக்கு வேலை வைத்தால், தடாப் பக்கத்து ஆலையில் பாதிப் பேர் முகம் வாடித்தான் உள்ளே வருவார்கள்.

இணக்கப் பிரிவில் மிகக் கனமான பொறுப்பு ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பானது. ஒப்பந்தக்காரர் ஊதியம் கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே, அதாவது அவர்களை வேலை வாங்கும் நிறுவனமே, அதைக் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. இன்றைய தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆகையால் ஒப்பந்தக்காரரின் பில்லுக்கு ஒப்புதல் தரும் முன், அவர் வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் பணம் கட்டிய சலானையும், அதில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சலானின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கையெழுத்தின் விலையை, விபத்துக்குப் பின் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பம்தான் கொடுக்கிறது. இந்தப் பணியில் அமர்ந்தால், பெயர் பெயராகச் சரிபார்க்காமல் எந்த பில்லையும் விடாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆள் சேர்ப்புப் பிரிவைப் பற்றி நீங்கள் ஓரளவு அறிந்திருப்பீர்கள். தேவையை வாங்குவது, விளம்பரம், தேர்வு, நேர்காணல், முந்தைய பணி விவரச் சரிபார்ப்பு, நியமன ஆணை என்று அது செல்லும். மென்பொருள் நிறுவனங்களின் ரெக்ரூட்டருக்கும் தொழிற்சாலையின் ரெக்ரூட்டருக்கும் வேலை முற்றிலும் வேறு: முன்னவர் நாள் முழுவதும் தொலைபேசியிலும் கணினியிலும் ஒரே பதவிக்கு ஒருவரைத் தேடுவார், பின்னவர் ஐ.டி.ஐ.களுக்கும் கிராமங்களுக்கும் சென்று, ஒரே வாரத்தில் எண்பது பேரைப் பேருந்து வழித்தடம் வாரியாகச் சேர்ப்பார். 2019இல் ஆந்திர சட்டமன்றம் தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காட்டை அம்மாநிலத்தவருக்கு ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியதிலிருந்து, எத்தனை பேர் உள்ளூரினர் என்ற கணக்கும் இவர்களிடம் கேட்கப்படுகிறது. சத்தியவேட்டில் பிறந்து வீட்டில் தமிழ் பேசுபவர் அந்தக் கணக்கில் உள்ளூரினர். ஆரம்பாக்கத்தில் பிறந்து வீட்டில் தெலுங்கு பேசுபவர் அல்லர். மொழியை வைத்து ஊகிக்காமல் இருப்பிடச் சான்றைப் பார்ப்பது இங்கே வேலையின் ஒரு பகுதி.

பயிற்சிப் பிரிவு புதியவர்களின் அறிமுகப் பயிற்சி, பாதுகாப்புப் பயிற்சி, தொழில்பழகுநர் சட்டத்தின்படி எடுக்கப்படும் அப்ரண்டிஸ்களின் பதிவு ஆகியவற்றைப் பார்க்கிறது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள் மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பதால் இது சிறிய வேலையன்று. கற்பிப்பதில் விருப்பமுள்ளவர்களுக்கு நல்ல இடம். ஆனால் பழகுநரை உற்பத்திக்கு மலிவான ஆளாகப் பயன்படுத்தும்போது, அதை முதலில் கண்டு சொல்ல வேண்டியவரும் இந்தப் பயிற்சி அலுவலரே.

இப்போது நான் நின்று பேச விரும்பும் இரண்டு பதவிகளுக்கு வருகிறேன். ஒன்று நல அலுவலர்; மற்றொன்று தொழிலுறவு அலுவலர், எல்லாரும் ஐ.ஆர். என்பவர்.

நல அலுவலர் என்பது நிறுவனம் விரும்பினால் வைத்துக்கொள்ளும் பதவி அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 49ஆம் பிரிவில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் இவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. புதிய தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. உணவகம், குழந்தைகள் காப்பகம், ஓய்வறை, கழிப்பறை, குடிநீர், குறை கேட்டல் ஆகியவை இவருடையவை. தொழிலாளர் பெரும்பான்மையோர் பேசும் மொழி இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதிகள் கேட்கின்றன. ஏனெனில் குறையை மொழிபெயர்ப்பாளர் வழியாக யாரும் சொல்வதில்லை. இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று: தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளை நல அலுவலர் கையாளக் கூடாது, தொழிலாளருக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் சமரச அலுவலர் முன்போ நீதிமன்றத்திலோ தோன்றக் கூடாது என்று அந்தச் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் வகுத்த நல அலுவலர் விதிகள் தடை செய்தன. அவரை நம்பித் தன் வீட்டுக் கதையைச் சொல்லும் தொழிலாளிக்கு எதிராக அந்தக் கதையே பயன்படக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

ஐ.ஆர். அலுவலர் எதிர் வரிசையில் அமர்பவர். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை, தற்காலிகப் பணிநீக்கம், அந்தக் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியம், தொழிற்சங்கத்துடன் ஊதிய ஒப்பந்தம், தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சு ஆகியவை அவருடையவை. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தை வைத்துப் 'பன்னிரண்டு மூன்று', 'பதினெட்டு ஒன்று' என்று தொழிலாளர்களே ஒப்பந்தங்களைக் குறிப்பிடுவதை நீங்கள் கேட்பீர்கள்: முன்னது அரசு அலுவலரின் சமரசத்தில் கையெழுத்தாகி ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்துவது, பின்னது இரு தரப்பும் தமக்குள் செய்துகொண்டு, கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்துவது. சட்டம் மாறினாலும் இந்தப் பெயர்கள் இன்னும் பல ஆண்டுகள் வாயில் நிற்கும். நிர்வாகத்தின் தரப்பில் நின்று பேசினாலும், உள்விசாரணை நேர்மையாக நடந்தால்தான் முடிவு தொழிலாளர் நீதிமன்றத்தில் நிலைக்கும் என்பதால், நல்ல ஐ.ஆர். அலுவலர் தொழிலாளிக்குரிய வாய்ப்புகளை முழுமையாகக் கொடுப்பார். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவரிடம் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ குறிப்பாணையைக் கொடுத்து விளக்கம் கேட்பது விசாரணையே ஆகாது.

இந்த இரு பதவிகளையும் ஒருவரிடமே கொடுப்பது சிறிய நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆலையில், நல அலுவலராக இருந்தேன். அச்சுப் பிரிவில் வேலை செய்த ஒருவர் அடிக்கடி விடுப்பெடுப்பதற்கான காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்: அவருடைய மனைவிக்கு மனநலச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்றார். சில மாதங்களில், அவர் மீதான விசாரணையில் நிர்வாகத்தின் தரப்பை நானே முன்வைக்க வேண்டும் என்று மேலதிகாரி கட்டளையிட்டார். விதி எனக்குத் தெரியும். எதிர்த்துச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை. அந்தக் காரணத்தை நான் வெளியிடவில்லை. ஆனால் மேசையின் அந்தப் பக்கத்தில் என்னைக் கண்டதும் அவர் தன் தரப்பைச் சொல்லவே இல்லை. வேலை போயிற்று. அதன் பிறகு அந்த ஆலையில் என் அறைக்கு ஒருவரும் குறை சொல்ல வரவில்லை, உணவகத்துச் சாம்பாரைப் பற்றிக்கூட. அது நடந்து இவ்வளவு ஆண்டுகள் ஆன பின்னும், இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு நாற்காலிகளின் இடைவெளியைப் பற்றித்தான்.

இதோடு சேர்த்து அறிய வேண்டியது உள்ளகக் குழு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேர் உள்ள இடத்திலும் அது இருக்க வேண்டும். தலைமை வகிப்பவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். மனிதவளத் துறையினர் இதில் செயலராக உதவலாம், ஆனால் முடிவு குழுவுடையது, மேலாளருடையது அன்று. பெண்கள் பெருமளவில் நிறுவனப் பேருந்துகளில் வந்துபோகும் நம் பகுதியில், பேருந்துப் பயணமும் பணியிடமாகவே கருதப்படும் என்பதைப் பெண்கள் அறியும்படி, தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெனரலிஸ்ட் என்பவர் மேற்சொன்ன அனைத்திலும் கொஞ்சம் கொஞ்சம் செய்பவர். இருநூறு பேர் உள்ள ஆலையில் மனிதவளத் துறை என்பதே அவர் ஒருவர்தான். ஊதிய அமைப்புப் பிரிவு எந்தப் பதவிக்கு எவ்வளவு என்பதைச் சந்தை நிலவரத்தோடு ஒப்பிட்டு வகுக்கும். தரவுப் பிரிவு மென்பொருளைப் பராமரித்து, எந்தப் பிரிவிலிருந்து யார் ஏன் விலகுகிறார்கள் என்பது போன்ற அறிக்கைகளைத் தரும். இவை இரண்டும் பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில், சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும். பிசினஸ் பார்ட்னர் என்ற பெயர், அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1990களில் மனிதவளப் பணியை வகைப்படுத்திய பிறகு பரவியது: உற்பத்தி அல்லது விற்பனைப் பிரிவின் தலைவரோடு அமர்ந்து, ஆட்கள் தொடர்பான அவருடைய முடிவுகளுக்குத் துணை நிற்பவர். உண்மையில் அந்தப் பணியைச் செய்யப் பத்தாண்டு அனுபவம் வேண்டும். படிப்பு முடித்த உடனே அந்தப் பெயரில் வேலை தருவதாகச் சொன்னால், பெரும்பாலும் அது ஜெனரலிஸ்ட் வேலைக்குச் சூட்டிய புதுப் பெயராகவே இருக்கும். அதனால் அதைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை, தெரிந்து சேருங்கள்.

உங்களுக்கு எது பொருந்தும் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆலையின் டைம் ஆபீஸும் பேரோலும் சேர்ந்த ஒரு பணியில் இரண்டு ஆண்டுகள் இருப்பேன். அங்கே கணக்கும் சட்டமும் கைக்கு வரும்; மக்களின் பெயர்களும் ஊர்களும் மனத்தில் பதியும். அதன் பிறகு நல அலுவலர், ஐ.ஆர். ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். நல அலுவலராக விரும்பினால் உங்கள் பட்டம் விதிகள் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா எம்.பி.ஏ.வும் ஏற்கப்படுவதில்லை. சமூகப்பணிப் பட்டம் பெற்றவர்களும், தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிறுவனத்தில் தொழிலாளர் மேலாண்மை படித்தவர்களும் இதில் முன்னிற்பதற்கு அதுவே காரணம்.

நேர்காணலில் உங்களிடம் 'ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா' என்று கேட்பார்கள். அப்போது மூன்றைக் கேளுங்கள். நான் யாரிடம் அறிக்கை அளிக்க வேண்டும், ஆலைத் தலைவரிடமா, மனிதவளத் தலைவரிடமா? ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், அவர்களின் சலானை யார் சரிபார்க்கிறார்? நல அலுவலரும் உள்விசாரணையில் நிர்வாகத்தைப் பிரதிநிதிப்பவரும் ஒருவரா, இருவரா? மூன்றாவது கேள்விக்கு 'ஒருவரே' என்று விடை வந்து, அந்த ஒருவர் நீங்கள்தான் என்றும் சொன்னால், சேரும் முன் அந்தப் பொறுப்புகளில் ஒன்றை வேறொருவருக்கு மாற்றி நியமன ஆணையில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போது எல்லா ஊழியருக்கும் நியமன ஆணை தர வேண்டும் என்பது சட்டமாகிவிட்டதால், அதை எழுத்தில் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.